'இரவுக் காவல்' ரெம்ப்ராண்டை மஞ்சள் கடுதாசி கொடுக்க வைத்ததா?

"ரெம்ப்ராண்ட் வரைந்த 'இரவுக் காவல்' படத்தில் தங்கள் முகம் சரியாகத் தெரியவில்லை என்று காசு கொடுத்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள், படத்தை ஏற்க மறுத்தார்கள், அதிலிருந்து வேலையே வராமல் அவர் நொடித்துப் போனார் என்று எங்கள் ஓவிய ஆசிரியர் சொன்னார். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரெம்ப்ராண்ட் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் படத்தை யாராவது வேண்டாம் என்றார்களா என்பது ஒன்று. அவர் கடனில் மூழ்கியதற்கு அந்தப் படம் காரணமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், இல்லை. அதற்குக் காகித ஆதாரமே இருக்கிறது. இரண்டாவதற்கும் கிட்டத்தட்ட இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் அங்கே கொஞ்சம் இழுபறி உண்டு. உங்கள் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் கல்லூரியில் இதே கதையைத்தான் கேட்டேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் பழைய எண்ணெய் ஓவியங்களைச் சுத்தம் செய்து சீர்படுத்தும் தொழிலில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அதனால் கித்தான், வார்னிஷ், வெட்டு, ஒட்டு பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டு டச்சு மொழி எனக்குப் படிக்க வராது. ஆவணங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன்.

முதலில் அந்தப் படம் என்ன என்று பார்த்துவிடலாம். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் அப்போது வட்டாரத்துக்கு ஒரு ஊர்க்காவல் படை இருந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சிப்பாய்கள் இல்லை இவர்கள். துணிக்கடைக்காரர், வியாபாரி, நகர சபையில் இடம்பிடிக்கத் துடிக்கும் பணக்காரர் என்று எல்லாம் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். ஒரு காலத்தில் நிஜமாகவே சண்டைக்குப் போன படைகள்தான், ஆனால் 1640 வாக்கில் அணிவகுப்பும் விருந்துமாக ஒரு கிளப் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இந்தப் படைகளைச் சேர்ந்த துப்பாக்கிக்காரர்களின் சங்கம் தன் கட்டடத்தில் புதிதாக ஒரு பெரிய கூடம் கட்டியது. சுவரை நிரப்பப் படங்கள் வேண்டும். ஏழு படங்களை ஆறு ஓவியர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்றுதான் ரெம்ப்ராண்டுக்கு வந்தது. கேப்டன் ஃபிரான்ஸ் பானிங்க் கோக், லெப்டினன்ட் வில்லம் ஃபான் ரௌட்டன்பர்க், அவர்களுடைய ஆட்கள். படத்தில் அவர் போட்டிருக்கும் வருடம் 1642.

இந்த மாதிரி படங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நம் பள்ளிக்கூட குரூப் போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தலைமையாசிரியர், பக்கத்தில் பெரியவர்கள், பின்வரிசையில் பெஞ்சு மேல் ஏறி நிற்பவர்கள். எல்லோர் முகமும் ஒரே அளவு, ஒரே வெளிச்சம். காசு கொடுத்தவன் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். ரெம்ப்ராண்ட் அதை விட்டுவிட்டு, படை கிளம்பும் ஒரு நொடியைப் பிடித்தார். கேப்டன் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டே நடக்கிறார். ஒருவன் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கிறான், ஒருவன் சுடுகிறான், ஒருவன் சுட்ட பிறகு மிச்ச மருந்தை ஊதித் தள்ளுகிறான். நாய் குரைக்கிறது, முரசு அடிக்கிறார்கள். நடுவே, எங்கிருந்தோ வந்த மாதிரி, தங்க நிற உடையில் ஒரு சிறுமி. அவள் இடுப்பில் செத்த கோழி ஒன்று கால் மேலாகத் தொங்குகிறது. அந்தக் கோழி நகம்தான் அந்தச் சங்கத்தின் சின்னம். அவர்கள் துப்பாக்கியின் பெயரும் டச்சில் நகத்தைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்று போல ஒலிக்கும், சிலேடை. அவள் முகம் ரெம்ப்ராண்டின் மனைவி சாஸ்கியாவின் முகம் என்று பலர் எழுதுகிறார்கள். சாயல் தெரிகிறது என்று சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் கற்பனை.

ஆக, சிலர் முகம் பாதி மறைந்திருக்கிறது என்பது உண்மை. பின்னால் ஒருவருடைய முகத்துக்குக் குறுக்கே இன்னொருவர் கை வருகிறது. இதைப் பார்த்தால், "கோபப்பட்டிருப்பார்களே" என்று யாருக்கும் தோன்றும். கதை பிறந்த இடம் இதுதான். ஆனால் கோபப்பட்டதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது.

1659-ல், அதாவது படம் முடிந்து பதினேழு வருடம் கழித்து, படத்தில் இருந்த இரண்டு பேர் நோட்டரி முன்னால் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஜான் பீட்டர்ஸ் ப்ராங்க்ஹோர்ஸ்ட் என்பவர் சொன்னது: நாங்கள் பதினாறு பேர், ஆளுக்குச் சராசரியாக 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கொடுத்தோம், படத்தில் அவரவருக்குக் கிடைத்த இடத்தைப் பொறுத்துச் சிலர் கூட, சிலர் குறைய. க்ளாஸ் ஃபான் க்ரௌஸ்பெர்கன் என்பவர் சொன்னது: மொத்தம் 1,600 கில்டர். இரண்டும் கணக்குக்குப் பொருந்துகிறது. அந்தக் காலத்தில் ஒரு நல்ல கைவினைஞர் வருடம் முழுக்க உழைத்தால் 300 கில்டர் பக்கம் பார்ப்பார் என்பார்கள், எனவே இது சின்னத் தொகை இல்லை. படத்துக்குள், ஆட்களுக்குப் பின்னால் தெரியும் வளைவுக்கு மேலே ஒரு கேடயத்தில் பதினெட்டுப் பெயர்கள் இருக்கின்றன, அந்தக் கேடயம் பிற்பாடு சேர்த்தது. பதினாறா பதினெட்டா என்றால், கேப்டனும் லெப்டினன்டும் தனியாகப் பெரிய தொகை கொடுத்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். இருக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்த இரண்டு பேரும் பதினேழு வருடம் கழித்து எதற்காக வாக்குமூலம் கொடுத்தார்கள்? ரெம்ப்ராண்ட் அதற்குள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டிருந்தார். கடன்காரர்கள் சொத்தைச் சுற்றி நின்றார்கள். 1642-ல் இறந்த சாஸ்கியா தன் பங்கை மகன் டைட்டஸுக்கு எழுதி வைத்திருந்தார். அந்தப் பங்கு எவ்வளவு என்று நிரூபித்தால்தான் பையனுக்கு ஏதாவது மிஞ்சும். அதனால் டைட்டஸின் காப்பாளர், 1642-ல் ரெம்ப்ராண்டிடம் எவ்வளவு சொத்து இருந்தது, எவ்வளவு வருமானம் வந்தது என்று தெரிந்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்துச் சாட்சி வாங்கினார். படம் அவரை நொடிக்க வைத்தது என்கிறது கதை. ஆனால் அவர் நொடித்துப் போகவில்லை என்றால், இந்தப் படத்துக்கு முழுக்காசு கிடைத்தது என்பதே இன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் இன்னொரு சான்று. கேப்டன் கோக் தன் குடும்ப ஆல்பத்தில் இந்தப் படத்தின் ஒரு சிறு நகலை நீர்வண்ணத்தில் வரையச் சொல்லி ஒட்டி வைத்திருந்தார். கீழே விளக்கமும் எழுதியிருக்கிறது: இளம் பிரபுவான கேப்டன், தன் படையை அணிவகுத்துக் கிளம்பச் சொல்லி லெப்டினன்டுக்கு ஆணையிடுகிறார் என்று. வேண்டாம் என்று சொன்ன படத்தை யாராவது குடும்ப ஆல்பத்தில் ஒட்டுவார்களா? படமும் அந்தக் கூடத்திலேயே எழுபது வருடத்துக்கு மேல் தொங்கியது. பிடிக்காத படத்தை அத்தனை வருடம் தலைக்கு நேரே வைத்துக்கொண்டு விருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

விமர்சனமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ரெம்ப்ராண்டிடம் பாடம் படித்த சாமுவேல் ஃபான் ஹூக்ஸ்ட்ராட்டன் 1678-ல் எழுதியது நமக்கு இருக்கிறது. வரையச் சொன்ன தனித்தனி முகங்களை விட மொத்தப் படத்தின் மீதே ரெம்ப்ராண்ட் அதிக அக்கறை காட்டிவிட்டார் என்று பலர் கருதுகிறார்கள் என்கிறார். ஆனாலும் போட்டிக்கு நிற்கும் மற்ற படங்களையெல்லாம் தாண்டி இது நிலைக்கும், இதன் பக்கத்தில் மற்றவை சீட்டுக்கட்டு மாதிரி இருக்கின்றன என்று சிலர் சொல்வதாகவும் எழுதுகிறார். கடைசியில், கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருக்கலாம் என்று ஒரு மாணவனுக்கே உரிய முணுமுணுப்பு. முகம் பற்றிய புகாரின் நிஜமான வேர் இவ்வளவுதான். அதுவும் முப்பத்தாறு வருடம் கழித்து, "பலர் கருதுகிறார்கள்" என்ற அளவில். எட்டு வருடம் கழித்து இத்தாலியில் பால்டினுச்சி என்பவர், ரெம்ப்ராண்டின் இன்னொரு மாணவர் சொல்லக் கேட்டு எழுதும்போது, இந்தப் படம் அவருக்குப் பெரும் புகழைக் கொடுத்தது என்கிறார். காசு விஷயத்தில் அவர் நன்றாகவே அளந்து விட்டிருக்கிறார், ஆனால் அவமானம் என்று எதுவும் சொல்லவில்லை.

பிறகு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஒரு குறிப்பிட்ட வகை ஓவியர் தேவைப்பட்டார்: ஊர் புரிந்துகொள்ளாத, பட்டினி கிடக்கும் மேதை. 1642 என்ற வருடமும் வசதியாக மாட்டியது. அதே வருடம் ஜூனில் சாஸ்கியா இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார். மனைவியும் போனாள், படமும் தோற்றது, வாழ்க்கை சரிந்தது என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. 1936-ல் வந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தில், ஓவியத்தைத் திறந்து காட்டியதும் படைக்காரர்கள் கேலியாகச் சிரிக்கும் காட்சியே இருக்கிறது. சினிமாவில் பார்த்ததை மறப்பது கஷ்டம். இன்னும் சமீபத்தில், ஓவியத்துக்குள் ஒரு கொலைச் சதி மறைந்திருக்கிறது, அதனால்தான் ரெம்ப்ராண்டை அழித்தார்கள் என்றுகூட ஒரு சினிமா வந்தது. பார்க்க சுவாரஸ்யமாக இருக்கும். ஆவணத்தில் ஒன்றும் இல்லை.

இனி கடன் கதைக்கு வருவோம். இங்கே குற்றவாளி ஒரு வீடு. 1639-ல் ரெம்ப்ராண்ட் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீடு வாங்கினார். முன்பணம் போக மீதியைச் சில வருடங்களில் தவணையாகக் கட்டிவிடுவதாகப் பேச்சு. கட்டவில்லை. கட்ட முடியாமல் இல்லை, ஆரம்பத்தில் நன்றாகவே சம்பாதித்தார். ஆனால் ஏலத்துக்குப் போனால் கை நிற்காது. பழைய ஓவியங்கள், அச்சுப் படங்கள், சிப்பிகள், ஆயுதங்கள், ரோமானியச் சிலைகள் என்று வாங்கிக் குவித்தார். நல்ல ஓவியம் ஏலத்துக்கு வந்தால் எடுத்த எடுப்பிலேயே எதிராளி வாயடைத்துப் போகிற தொகையைக் கேட்பாராம். நம் தொழிலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்பாராம், பால்டினுச்சிதான் சொல்கிறார். பதினாலு வருடம் கழித்து, 1653-ல், வீட்டை விற்றவர் பொறுமையிழந்து கணக்கு நீட்டினார். வட்டியெல்லாம் சேர்த்து 8,000 கில்டருக்கு மேல் பாக்கி. நேரமும் கெட்ட நேரம். இங்கிலாந்தோடு கடற்போர் நடந்துகொண்டிருந்தது, கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது, ஊரில் பணப்புழக்கமே இல்லை. ஓர் ஓட்டையை அடைக்க மூன்று பேரிடம் புதுக்கடன் வாங்கினார். அதில் இரண்டு கடன்கள் தலா 4,000 கில்டருக்கு மேல். கடனை வாங்கிக் கடன் அடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1656 ஜூலையில் சொத்தை ஒப்படைக்கிறேன் என்று மனுக் கொடுத்தார். அதிகாரிகள் வந்து வீட்டில் இருந்ததையெல்லாம் அறை அறையாக எழுதினார்கள், 363 இனங்கள். வீடு 1658-ல் 11,218 கில்டருக்குப் போனது. வாங்கிய விலைகூட வரவில்லை.

நடுவில் ஒரு சின்ன விலகல், நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். இந்தக் கஷ்ட காலத்தை ஒட்டித்தான் ரெம்ப்ராண்ட் இந்திய முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட நகல்கள் எடுத்தார். ஆசியாவிலிருந்து வந்த உயர்ந்த காகிதத்தில், பேனாவால். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் அந்த மாதிரி சரக்கெல்லாம் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்துகொண்டிருந்தது. நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்ததும் அதே கம்பெனிதான். ஷாஜகானை ரெம்ப்ராண்ட் கையில் பார்ப்பது ஒரு தனி அனுபவம், தேடிப் பாருங்கள்.

சரி, "வேலையே வரவில்லை" என்ற பகுதி? இதுதான் நான் இழுபறி என்று சொன்ன இடம். 1642-க்குப் பிறகு அவர் வரைந்த உருவப்படங்கள் எண்ணிக்கையில் குறைந்தன, அது உண்மை. ஏன் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஊரின் ருசி மாறியது ஒரு காரணம். வழவழப்பாக, பளிச்சென்று வரைகிற பார்த்தலோமேயஸ் ஃபான் டெர் ஹெல்ஸ்ட் மாதிரியானவர்கள் பக்கம் பணக்காரர்கள் போனார்கள். ரெம்ப்ராண்டே உருவப்பட வேலையில் சலித்துப் போயிருக்கலாம். அவரோடு வியாபாரம் செய்வதும் சுலபமில்லை. 1642 வாக்கில் ஆந்திரியஸ் த க்ராஃப் என்ற பெரும் பணக்காரர் தன் படத்துக்குக் காசு கொடுக்க மறுத்து, மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து 500 கில்டர் கொடுக்கச் சொன்னார்கள். 1654-ல் டியகோ த அன்ட்ராடா என்ற போர்ச்சுகீசிய வியாபாரி, தான் வரையச் சொன்ன பெண்ணின் சாயல் படத்தில் இல்லை, திருத்து, இல்லையென்றால் முன்பணம் 75 கில்டரைத் திருப்பிக் கொடு என்றார். ரெம்ப்ராண்டின் பதில்: மீதிக் காசை வை, அப்புறம் தூரிகையை எடுக்கிறேன். சாயல் இருக்கிறதா இல்லையா என்று ஓவியர் சங்கம் சொல்லட்டும். முகம் சரியில்லை என்ற நிஜமான புகார் வேண்டுமென்றால் இதோ இருக்கிறது, எழுத்தில், தேதியோடு. 'இரவுக் காவல்' படத்துக்கு இப்படி ஒரு காகிதம் இல்லை.

அதோடு, வேலை நின்றுவிடவும் இல்லை. 1646-ல் நாட்டின் தலைவர் ஃபிரெடரிக் ஹெண்ட்ரிக் இரண்டு படங்களுக்கு 2,400 கில்டர் கொடுத்தார், 'இரவுக் காவல்' மொத்தத்துக்கும் கிடைத்ததை விட அதிகம். 1661, 62-ல் துணி வணிகர் சங்கத்தின் நிர்வாகிகளை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து வரைந்தார். அதுவும் குரூப் படம்தான். 'முகம் தெரியாமல் வரைகிறவர்' என்று ஊரெல்லாம் பேர் கெட்டுப்போயிருந்தால் இந்த வேலை அவருக்கு வந்திருக்காது.

உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கும் ஒன்றை இப்போது சொல்கிறேன். ரெம்ப்ராண்டின் ஒரு பெரிய படம் நிஜமாகவே சுவரிலிருந்து இறக்கப்பட்டது. ஆனால் அது வேறு படம். ஆம்ஸ்டர்டாமின் புது நகர மண்டபத்துக்காக, ரோமானியர்களை எதிர்த்த பழங்குடித் தலைவன் சிவிலிஸின் கதையைத் தொடராக வரையும் வேலை 1659-ல் ஹோஃபர்ட் ஃப்ளிங்க் என்பவருக்குப் போனது. ரெம்ப்ராண்டின் பழைய மாணவர். அடுத்த வருடமே ஃப்ளிங்க் இறந்துவிட, வேலையைப் பலருக்குப் பிரித்தார்கள், ஒரு படம் குருவுக்கு வந்தது. சுமார் ஐந்தரை மீட்டர் உயரமும் அதே அகலமும். ரெம்ப்ராண்ட் வரைந்த வரையிலே அதுதான் ஆகப் பெரியது. நள்ளிரவு விருந்து, நடுவில் ஒற்றைக் கண்ணன் சிவிலிஸ், குருட்டுக் கண்ணை மறைக்காமல் நேராகப் பார்க்கிறான், வாளோடு வாள் சேர்த்துச் சபதம் எடுக்கிறார்கள். 1662-ல் அதை மாட்டினார்கள். அந்த ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தில், நகர மண்டபப் படத்திலிருந்தும் அதைத் திருத்தி வரைவதிலிருந்தும் வரப்போகும் காசைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. ஆக ஏதோ மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பரிலேயே அந்த இடத்தில் வேறு படம் வந்துவிட்டது, ஃப்ளிங்க் விட்டுப்போன வரைவை யூர்கன் ஓவன்ஸ் என்பவர் அவசரமாக முடித்துக் கொடுத்தது. ஏன் இறக்கினார்கள் என்பதற்குக் காகிதம் இல்லை. நாட்டின் மூதாதையை ஒற்றைக் கண்ணோடு காட்டினால் எந்த நகர சபைக்குப் பிடிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. கூலித் தகராறு என்பவர்களும் உண்டு. எதுவானாலும், ரெம்ப்ராண்ட் அந்தப் படத்தை விற்க வசதியாக வெட்டினார். மிஞ்சிய நடுப்பகுதி, சுமார் இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர், இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. இந்தச் சோகத்தைத்தான் மக்கள் இருபது வருடம் முன்னால் நகர்த்தி, அதிகப் பிரபலமான படத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

வெட்டு என்றதும் 'இரவுக் காவல்' வெட்டுப்பட்டதையும் சொல்லியாக வேண்டும், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. 1715-ல் அந்தப் படத்தை அதே நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கதவுகளுக்கு நடுவில் இடம் போதவில்லை. நான்கு பக்கமும் வெட்டினார்கள். இடப்பக்கம்தான் அதிகம், அறுபது சென்டிமீட்டர் அளவு, அதோடு அங்கே நின்ற இரண்டு ஆட்களும் போய்விட்டார்கள். வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், கெர்ரிட் லுண்டன்ஸ் என்பவர் வெட்டுக்கு முன்னால் எடுத்துவைத்த ஒரு சிறிய நகல். அதில் பார்த்தால் கேப்டனும் லெப்டினன்டும் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி நிற்கிறார்கள், முன்னால் நடக்க இடம் காலியாக இருக்கிறது. அந்த இடம் போனதும் படையின் வேகமும் பாதி போய்விட்டது. என்ன அநியாயம் என்று தோன்றும். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரு வீட்டிலிருந்து தாத்தாவின் எண்ணெய் ஓவியம் என்னிடம் வந்தது. கண்ணாடிக்கடையில் வாங்கிய சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழே நான்கு விரற்கடை வெட்டியிருந்தார்கள். ஓவியரின் கையெழுத்து அந்தத் துண்டில் இருந்திருக்கிறது. படம் யார் வரைந்தது என்று என்னிடம் கேட்டார்கள்.

தலைப்பில் இருக்கும் 'இரவு' விஷயமும் இப்படித்தான். ரெம்ப்ராண்ட் அந்தப் பெயரை வைக்கவில்லை. அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒட்டிக்கொண்டது. வார்னிஷ் என்பது பூசும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். வருடங்கள் போகப் போக மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே புகையும் தூசியும் படிந்து, மதியத்தை அந்தி ஆக்கிவிடும். பஞ்சைக் குச்சியில் சுற்றி, கரைப்பானில் தொட்டு, தபால்தலை அளவு இடத்தை மெல்ல உருட்டித் துடைத்தால், கறுப்புக் கோட்டு என்று மூன்று தலைமுறை நம்பிய இடத்தில் கரும்பச்சை வெளிவரும். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் கை நடுங்கும். இரண்டாம் உலகப் போரில் சுருட்டி ஒளித்து வைத்திருந்த 'இரவுக் காவல்' திரும்பி வந்து, 1946, 47-ல் சுத்தம் செய்யப்பட்டபோது, உலகம் அதில் பகல் வெளிச்சத்தைப் பார்த்தது. வார்னிஷைத் திட்ட மாட்டேன். 1990-ல் ஒருவன் அமிலம் தெளித்தபோது, காவலர்கள் உடனே தண்ணீர் ஊற்றியதும், அமிலம் வார்னிஷோடு நின்றதும்தான் படத்தைக் காப்பாற்றியது. ஆனால் இருட்டு முழுக்க வார்னிஷ் போட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1678-லேயே மாணவர் ஹூக்ஸ்ட்ராட்டன் வெளிச்சம் போதாது என்றார், நினைவிருக்கிறதா? ரெம்ப்ராண்ட் வேண்டுமென்றே போட்ட நிழல் ஒரு பங்கு, வண்ணப்பொடிகளே ரசாயன மாற்றத்தில் மங்கியது ஒரு பங்கு. எது எவ்வளவு என்று இடத்துக்கு இடம் பிரித்துச் சொல்லும் வேலை, 2019-லிருந்து, படம் இப்போது இருக்கும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கண் முன்னாலேயே கண்ணாடி அறைக்குள் நடக்கிறது.

உங்கள் ஆசிரியரிடம் பேச நேர்ந்தால் அந்த 1,600 கில்டர் வாக்குமூலத்தையும் சிவிலிஸ் படத்தையும் சொல்லுங்கள், அவருக்கும் பிடிக்கும். படத்தைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் போக வேண்டியதில்லை. அருங்காட்சியகம் 717 கிகாபிக்சலில் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, போனிலேயே விரித்துப் பார்க்கலாம். முதலில் கேப்டனின் நீட்டிய இடது கையைப் பிடியுங்கள். அதன் நிழல் லெப்டினன்டின் மஞ்சள் சட்டையில் விழுகிறது. சட்டையின் ஓரத்தில் ஆம்ஸ்டர்டாமின் மூன்று பெருக்கல் குறிச் சின்னத்தைச் சிங்கம் ஏந்தி நிற்கும் சின்ன வேலைப்பாடு உண்டு, அந்த நிழல் விரல்கள் அதைப் பிடிக்கப் போகிற மாதிரி இருக்கும். நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களானால், அந்த 'இரவில்' சூரியன் எந்த மூலையில் நிற்கிறது என்று நீங்களே கை காட்டிவிடுவீர்கள்.